நகத்தைவிட நகத்தின் வேரைக் கவனியுங்கள்: கைகளைப் பேணும் முறை

நாம் வெட்டுவதும், அரத்தால் தேய்ப்பதும், சாயம் பூசுவதும் நகத்தின் உயிரற்ற பகுதியைத்தான். விரலின் மேல் தெரியும் தகடு, கெரட்டின் என்னும் புரதம் இறுகி உருவான, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓடு. அதில் இரத்தமும் ஓடுவதில்லை, நரம்பும் இல்லை. உயிருள்ள பகுதி, அதாவது நகம் பிறக்கும் வேர், அடியோரத் தோலுக்குக் கீழே மறைந்திருக்கிறது. கட்டைவிரலில் வெளுப்பாகத் தெரியும் பிறை, அந்த வேரின் முன்விளிம்பு மட்டுமே. கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்வதால், வேரில் இன்று உருவாகும் பகுதி விரல் நுனியை எட்ட ஆறு மாதம் ஆகிறது. நகப் பராமரிப்பில் இறங்குபவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு இதுதான். ஒரு வாரம் எண்ணெய் தடவிவிட்டுப் பலனில்லை என்று கைவிடுவது, விதை ஊன்றிய மறுநாளே தோண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

இந்த வேகம் எல்லாருக்கும் எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன், தம் இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் மாதந்தோறும் சிறு கீறலிட்டு, அது நகர்ந்துசெல்லும் தொலைவை 35 ஆண்டுகள் அளந்து வந்தார். அவருடைய 32ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டராக இருந்த வளர்ச்சி, 67ஆம் வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. வயது ஏற ஏற நகம் மெல்ல வளர்வதும், நீளவாக்கில் மெல்லிய வரிகள் தோன்றுவதும் இயல்பு. அந்த வரிகளைத் தேய்த்துச் சமப்படுத்த முயல்பவர்கள், ஏற்கெனவே மெலிந்த தகட்டை மேலும் மெலிய வைக்கிறார்கள். அவற்றை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

வெட்டும் முறை

குளித்து முடித்தவுடன் நகம் நீரை உறிஞ்சி மென்மையாக இருக்கும். வெட்டுவதற்கு அதுவே ஏற்ற நேரம். உலர்ந்த, கெட்டியான நகத்தை வெட்டும்போது தகடு தெறித்து விளிம்பில் பிளவு உண்டாகலாம். நகவெட்டியால் ஒரே கடியில் முழு அகலத்தையும் துண்டிக்காமல், ஒரு ஓரத்தில் தொடங்கிச் சிறு சிறு வெட்டுகளாக மறு ஓரத்துக்குச் செல்ல வேண்டும். கை நகத்தை ஏறக்குறைய நேராக வெட்டி, மூலைகளை மட்டும் இலேசாக வளைத்துவிட்டால் போதும். மூலைக்குள் நுழைந்து ஆழமாகக் குடைந்து வெட்டினால், வளர்ந்து வரும் நகம் பக்கத்துச் சதைக்குள் புதைகிறது. கால் நகத்துக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். அதை நேராகவே வெட்ட வேண்டும்.

அரம் போடுவதில் விதி தலைகீழாகிறது: நகம் நன்கு உலர்ந்த பிறகே அரத்தைத் தொட வேண்டும், ஏனெனில் ஈரமான தகடு அடுக்கடுக்காகப் பிரியும் தன்மை கொண்டது. இயற்கை நகத்துக்கு 180 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணுள்ள மென்மையான அரம் ஏற்றது. எண் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும். மரம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுக்காமல், ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். நீளத்தைப் பொறுத்தவரை, கையால் வேலை செய்பவர்களுக்குக் குட்டையான நகமே நல்லது என்பது என் துணிவு. நீண்ட நகம் நெம்புகோல்போல் வேலை செய்கிறது; நுனியில் படும் ஒவ்வொரு இடியும் அடிச்சதையிலிருந்து தகட்டைக் கிளப்பப் பார்க்கிறது. கையில் தங்கும் கிருமிகளில் பெரும்பகுதி நகத்தின் அடியில்தான் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அந்த அழுக்கை எடுப்பதற்காக ஊசியையோ நகவெட்டியோடு வரும் கூர்முனையையோ உள்ளே செலுத்துவது பரவலான தவறு. பிரியாதவர்களை நகமும் சதையும்போல என்கிறோம்; ஆனால் அடிக்கடி குடைந்தால் நகமும் சதையும் உண்மையிலேயே பிரிந்துவிடுகின்றன. பிரிந்த இடம் வெள்ளையாகத் தெரியும்; மீண்டும் ஒட்டாது; புதிய நகம் வளர்ந்து வந்துதான் அந்த இடைவெளியை மூட வேண்டும். மென்மையான தூரிகையில் சிறிது சோப்பைத் தொட்டு நுனியின் அடியில் இரண்டு முறை தேய்த்தாலே அழுக்குப் போய்விடும்.

அடியோரத் தோலை வெட்டலாமா?

கூடாது. நகத்தின் அடிப்பகுதியில் தகட்டோடு ஒட்டிக்கிடக்கும் மெல்லிய தோல்விளிம்பு, அழகைக் கெடுக்கும் மிச்சசொச்சம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது, தகட்டுக்கும் அதை மூடியிருக்கும் தோல்மடிப்புக்கும் இடையிலான சந்தை அடைத்து நிற்கும் முத்திரை. அதை வெட்டி எறிந்தால் நீரும் கிருமியும் நேராக வேர்வரை செல்ல வழி திறந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் கைகள் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று மாதந்தோறும் அதை வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை நகச்சுற்று வந்து, ஆள்காட்டி விரல் பழுத்த மிளகாய்போல் சிவந்து வீங்கி இரவெல்லாம் தூங்க விடாமல் தெறித்த பிறகுதான் கத்தரியைக் கீழே வைத்தேன். அத்தோல் தகட்டின்மேல் ஏறி வந்து உறுத்தினால், விரல்களை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்து, சிறிது எண்ணெய் தொட்டு, துணி சுற்றிய விரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

நகத்தின் பக்கத்தில் கிளம்பி நிற்கும் தோல் சிலும்புகளை மட்டும் வெட்டலாம். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டக் கூடாது என்பார்கள்; இங்கே கிள்ளுவதுதான் தவறு. பல்லாலும் விரலாலும் பிடித்து இழுத்தால் உயிருள்ள தோலும் சேர்ந்து கிழிந்து புண்ணாகும். ஆல்கஹாலில் துடைத்த சிறிய கூர்மையான கத்தரியால் அடியோடு ஒட்ட நறுக்கி, அந்த இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும்.

நகம் கடிக்கும் பழக்கம் இவை எல்லாவற்றையும்விடக் கூடுதல் சேதம் செய்கிறது. அது பற்களின் விளிம்பைத் தேய்க்கிறது. நகத்தைச் சுற்றி மருக்கள் இருந்தால் அவற்றை மற்ற விரல்களுக்கும் உதட்டுக்கும் பரப்புகிறது. கசப்பான பூச்சு சிலருக்கு உதவும். அதைவிட, எந்த நேரத்தில், எந்த மனநிலையில் விரல் வாய்க்குப் போகிறது என்று கவனித்து, அந்நேரத்தில் கைக்கு வேறு ஒரு வேலை கொடுப்பது நிலைத்த பலன் தருகிறது. பத்து விரல்களையும் ஒரே நாளில் விடுவிக்க முயலாமல், ஒரு கட்டைவிரலை மட்டும் கடிப்பதில்லை என்று தொடங்குவது எளிது.

தண்ணீர் செய்யும் சேதம்

நகம் உடைந்தால் பெரும்பாலோர் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்கிறார்கள். நகத்தில் கால்சியம் மிகச் சிறிதளவே இருக்கிறது. அதன் கெட்டித்தன்மை கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகளால் வருகிறது. நகத்தில் தோன்றும் வெண்புள்ளிகளும் கால்சியம் குறைவின் அடையாளம் அல்ல. பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன் வேரில் பட்ட சிறு அடியின் தழும்புகளே அவை. நகம் அடுக்கடுக்காகப் பிளப்பதற்கு மிகப் பொதுவான காரணம், அது நாள் முழுவதும் மாறி மாறி நனைவதும் உலர்வதும்தான். நனையும்போது தகடு ஊதுகிறது, உலரும்போது சுருங்குகிறது. இது ஒரு நாளில் பத்து இருபது முறை நடந்தால் அடுக்குகளைப் பிணைத்திருக்கும் பிடிப்பு தளர்கிறது.

எனவே பாத்திரம் துலக்கும்போதும் துணி துவைக்கும்போதும் கையுறை அணிவது, கடையில் கிடைக்கும் எந்த நகச் சத்துப் பூச்சையும்விடப் பயனுள்ளது. ரப்பர் கையுறைக்குள் கை வியர்த்து ஊறுவதால், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்வதும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கையை உலரவிடுவதும் அவசியம். இயற்கை ரப்பர் ஒவ்வாதவர்கள் நைட்ரைல் அல்லது வினைல் கையுறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

கை கழுவுவதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. ஆனால் கழுவும் விதத்தில் தோலைக் காப்பாற்ற முடியும். நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சற்றே அமிலத்தன்மை கொண்டது. சாதாரணக் கட்டிச் சோப்போ காரத்தன்மை கொண்டது. சுடுநீர் சேர்ந்தால் தோலின் எண்ணெய்ப் படலம் இன்னும் விரைவாகக் கரைகிறது. வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரில், உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நுனிகள் என்று குறைந்தது 20 நொடி தேய்த்து, சோப்பு மிச்சமில்லாமல் அலச வேண்டும். மோதிரத்தின் அடியில் தங்கும் சோப்பும் ஈரமும் அந்த இடத்தில் அரிப்பையும் தோலழற்சியையும் உண்டாக்குவதால், கழுவும்போது அதைக் கழற்றிவைப்பது நல்லது. துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்துத் துடைக்க வேண்டும். கண்ணுக்கு அழுக்குத் தெரியாத வேளைகளில், கிளிசரின் கலந்த, குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் உள்ள கை திரவம் சோப்பைவிடத் தோலுக்கு இதமானது. வெடித்த தோலில் எரிவதால்தான் பலர் அதைப் பழிக்கிறார்கள்.

துடைத்த கையில் ஈரப்பசை முற்றிலும் போவதற்குள் க்ரீம் தடவ வேண்டும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை. கழுவிக் கரைத்ததை அது தானாக ஈடுசெய்துகொள்ளாது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய க்ரீம், ஏறத்தாழ அரை கிராம், ஒரு கையின் இரு பக்கத்துக்கும் போதுமானது. பகலில் கிளிசரின் அல்லது செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள கொழுப்பு வகை) கலந்த இலகுவான க்ரீமும், இரவில் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற கெட்டியானதும் பொருத்தம். தடித்துக் காய்ந்த உள்ளங்கைக்கு 10 விழுக்காடு யூரியா கலந்த க்ரீம் நன்றாக வேலை செய்யும், ஆனால் வெடிப்பில் பட்டால் எரியும். தடவும்போது விரல் நுனிகளை மறந்துவிடாமல், ஒவ்வொரு நகத்தின் அடியோரத்திலும் சில நொடி தேய்த்துவிட வேண்டும். இரவில் மேலே பருத்திக் கையுறை அணிந்து தூங்கினால், ஓரிரு வாரத்தில் வேறுபாடு தெரியும். புறங்கையின் தோல் மிக மெல்லியது. வெயிலில் சுருக்கமும் கரும்புள்ளியும் அங்கே முந்தி வருகின்றன. முகத்துக்குப் பூசும் எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீனைப் புறங்கைக்கும் பூசி, கை கழுவியபின் மீண்டும் பூச வேண்டும்.

பூச்சும் மாத்திரையும்

சாதாரண நகப்பூச்சு பெரிய தீங்கு செய்வதில்லை. அடர்ந்த நிறங்கள் தகட்டை மஞ்சளாக்குவதைத் தடுக்க, முதலில் நிறமற்ற அடிப்பூச்சு ஒன்று போட வேண்டும். தீங்கு பெரும்பாலும் நீக்கும்போது நேர்கிறது: அசிட்டோன் தகட்டின் ஈரத்தையும் எண்ணெயையும் இழுத்துவிடும், பாதி உரிந்த ஜெல் பூச்சைச் சுரண்டிப் பிய்த்தால் நகத்தின் மேலடுக்கும் அதோடு வந்துவிடும். ஜெல்லை நீக்க, அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் மட்டும் 10 முதல் 15 நிமிடம் கட்டிவைத்து, இளகியதை மரக்குச்சியால் தள்ள வேண்டும். உறையாத ஜெல் தோலில் பட்டால் அதிலுள்ள அக்ரிலேட்டுகள் என்னும் வேதிப்பொருட்களுக்கு ஒவ்வாமை உண்டாகலாம். அது வாழ்நாள் முழுவதும் நீடிப்பதோடு, பல் சிகிச்சைப் பொருட்களையும் ஒவ்வாததாக்கிவிடக்கூடும். வீட்டில் தாமே ஜெல் போட்டுக்கொள்பவர்கள் இதை எளிதாக எண்ணக் கூடாது. ஃபார்மால்டிஹைடு உள்ள நகக் கெட்டிப்பான்கள் தொடக்கத்தில் உறுதி தருவதுபோல் தோன்றி, நாளடைவில் நகத்தை நொறுங்க வைக்கின்றன.

பி வகை வைட்டமின்களில் ஒன்றான பயோட்டின் மாத்திரை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பயோட்டின் குறைபாடு அரிதானது. நன்றாகச் சாப்பிடுபவருக்கு அது கூடுதலாகச் செய்வது பெரிதாக ஒன்றும் இல்லை. மாறாக, அதிக அளவு பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையும் அவற்றுள் ஒன்று. எடுத்துக்கொள்பவர்கள் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

நகச்சுற்றின் தொடக்கத்தில், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் விரலை வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சீழ் கட்டினாலோ, சிவப்பு விரலின் மேலே பரவினாலோ, நீரிழிவு இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. நகம் கரண்டிபோல் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சோதிக்க வேண்டும். ஊசியால் குத்தியதுபோன்ற சிறு குழிகள் சொரியாசிஸ் என்னும் தோல் நோயைக் காட்டலாம். விரல் நுனி உருண்டு பருத்து நகம் வளைந்தால் நுரையீரலையும் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். எல்லா விரல்களிலும் குறுக்கே ஒரே சீரான பள்ளம் தோன்றினால், அது கடந்துபோன கடும் காய்ச்சல் போன்ற நோயின் தடமாக இருக்கலாம். அடியோரத்திலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு முன் நேர்ந்தது என்று கணக்கிடலாம். கருத்த தோலுடையவர்களுக்குப் பல நகங்களில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்பானது. ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றிய கருங்கோடு அகன்றுகொண்டே போனாலோ, அந்தக் கருமை பக்கத்துத் தோலிலும் படர்ந்தாலோ, அது தோல் புற்றுநோயாக இருக்கக்கூடும் என்பதால் உடனே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தடித்து மஞ்சளான நகமெல்லாம் பூஞ்சைத் தொற்று அல்ல. நகத் துணுக்கைச் சோதித்து உறுதி செய்யாமல் வாரக்கணக்கில் பூஞ்சை மாத்திரை விழுங்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்கப் போகும்முன் பத்து விரல்களிலும் கால் விரல்களிலும் உள்ள பூச்சை முழுவதுமாக நீக்கிவிட வேண்டும். மாற்றம் மெல்ல நிகழ்வதால் நினைவை நம்பாமல், சந்தேகமான நகத்தை மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து, தேதியோடு வைத்திருந்து காட்டினால் அவருடைய வேலை பாதி குறையும்.