க்ளீன் குரலுக்கு இடம் விடுங்கள்: மெலோடிக் டெத் மெட்டல் மிக்ஸ் செய்பவர்களுக்கு

க்ளீன் குரல், அதாவது உறுமாமல் சுருதியோடு பாடும் குரல், வந்துதான் மெலோடிக் டெத் மெட்டல் என்ற கித்தார் மெலடி நிறைந்த கனமான இசையைக் கெடுத்தது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஒப்புக்கொள்வதும் இல்லை. டார்க் ட்ரான்க்விலிட்டி பேண்டின் பாடகர் மிக்கேல் ஸ்டான்னே 1999-இல் ‘ப்ரொஜெக்டர்’ ஆல்பத்தில் தாழ்ந்த க்ளீன் குரலில் இழைந்து பாடினார். சாயில்வொர்க் பேண்ட் 2001-இல் ‘எ ப்ரெடேட்டர்ஸ் போர்ட்ரெய்ட்’டில் கோரஸை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதியை) க்ளீன் குரலில் கொண்டுவந்தது. எனக்கு இரண்டும் பிடிக்கும். நண்பர்களின் பாடல்களை மிக்ஸ் செய்யும்போது எனக்குத் தலைவலி தருவது வேறு ஒன்று: கோரஸில் கித்தாரும் குரலும் ஒரே நேரத்தில் மெலடி வாசிப்பது.

இந்த இசைக்குப் பேர்போன ஸ்வீடன் நகரமான கோதன்பர்க்கின் பாணியில் மெலடி கித்தாருக்குச் சொந்தம். இரண்டு கித்தார்கள் இணைந்து பாடும், க்ரௌல் (அடித்தொண்டை உறுமல்) அதன்மேல் தாளம்போல விழும். க்ரௌலில் தெளிவான சுரம் இல்லாததால் யாரும் யாரோடும் மோதுவதில்லை. அங்கே க்ளீன் குரல் நுழைந்ததும் ஒரே வீட்டில் இரண்டு எஜமானர்கள். இதை எந்த இக்யூவும் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தீர்க்காது. ரெக்கார்டிங்குக்கு முன்பே கோரஸில் மெலடி வாசிக்கும் லீட் கித்தாரை நிறுத்திவிடுங்கள். ரிதம் கித்தார் பவர் கார்டை (இரண்டு சுரக் கூட்டை) நீட்டி வாசிக்கட்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மட்டும் லீட் எட்டிப் பார்க்கலாம், கோரஸ் முடிந்ததும் முழுசாகத் திரும்பி வரலாம். கித்தாரிஸ்ட் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பாடுபவர் ஒரே ஆள் என்றால் க்ளீன் பகுதியை முதலில் எடுங்கள், க்ரௌல் கடைசியில். முடிந்தால் வேறு நாளில். கத்திய தொண்டையில் சுருதி நிற்காது. பிரதான குரல் நடுவில் ஒன்று, அதே வரியை மறுபடி இரண்டு முறை பாடவைத்து இடமும் வலமும் ஒன்று. காப்பி பேஸ்ட் வேண்டாம், அது அகலம் தராது. ஹார்மனி, அதாவது வேறு சுரத்தில் இணையும் குரல், மேலே ஒரு வரி போதும். பக்கக் குரல்களில் ‘ஸ்’, ‘ட்’ ஒலிகளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வார்த்தை முடிவிலும் பட்டாசு வெடிக்கும். சுருதி திருத்துவதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு: பக்கக் குரல்களை இறுக்கமாகத் திருத்துவேன், நடுக்குரலில் அப்பட்டமாகத் தப்பியதை மட்டும் தொடுவேன். நடுக்குரல் கொஞ்சம் நெளிந்தால்தான் ஆள் இருப்பது தெரியும்.

அப்புறம், நான் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம்: கோரஸின் நீண்ட சுரங்களுக்கு அடியில் அதே வரியை க்ரௌலில் மெல்லிய ஒலி அளவில் வைப்பது. தனியாகக் காதில் விழக் கூடாது, மியூட் செய்தால் மட்டும் ஏதோ குறைந்ததுபோல இருக்க வேண்டும். பாப் பாட்டுக்குள் போய்விட்டோமோ என்ற பயம் அதோடு போய்விடும். இரண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தால் இது இன்னும் நன்றாக ஒட்டும். ஸ்கார் சிமெட்ரி பேண்டின் 2005 ஆல்பத்தைக் கேளுங்கள், க்ரௌல், க்ளீன் இரண்டையும் பாடியவர் கிறிஸ்டியன் ஆல்வெஸ்டாம்தான்.

இக்யூவில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. க்ளீன் குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். கித்தாரின் கூர்மையும் வார்த்தைத் தெளிவும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரே இடத்தில் உட்காரும். அந்தப் பகுதியில் கித்தாரை ஒன்றரை, இரண்டு டெசிபல் இறக்குங்கள், ஆனால் ஆட்டோமேஷனில் (வேண்டிய இடத்தில் மட்டும் தானாக மாறும்படி அமைத்து), கோரஸில் மட்டும். பாட்டு முழுக்க இறக்கினால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கித்தார் வரி) சவசவ என்று ஆகிவிடும். சத்த ஏற்றஇறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் ஒன்றை வைத்து நசுக்குவதைவிட இரண்டை மென்மையாக அடுத்தடுத்து வைப்பது குரலைச் சீராக நிறுத்தும். ரிவெர்ப் (அறையின் முழக்கம்) குறைவாக, டிலே (எதிரொலி) கொஞ்சம் அதிகமாக. டபுள் கிக் (இரண்டு காலாலும் வேகமாக அடிக்கும் டிரம்) ஓடும் இசையில் நீண்ட ரிவெர்ப் புகைமூட்டம்தான். க்ரௌலைக் கிட்டத்தட்ட உலர்வாகவே விடுவேன்.

கோரஸ் எழும்பவில்லை என்று சொல்லி அதன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அதற்கு முந்தைய வெர்ஸை (சரணத்தை) முக்கால் டெசிபல் இறக்கிப் பாருங்கள். கீபோர்டு வேண்டுமென்றால் ஒரு பேட் (நீண்டு ஒலிக்கும் மென்மையான பின்னணி), அதுவும் பின்னால். டெவின் டவுன்சென்ட் தயாரித்த சாயில்வொர்க்கின் ‘நேச்சுரல் பார்ன் கேயாஸ்’ (2002) அடுக்கடுக்காக நிறைந்த ஒலி. அதை நகலெடுக்க ஆசைப்படும் முன், அதில் ஸ்னேர் (டிரம்ஸில் பட்டென்று விழும் மேளம்) எவ்வளவு வெளியே நிற்கிறது என்று கவனியுங்கள்.

மாஸ்டரிங்கில், அதாவது முடிந்த மிக்ஸின் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்யும்போது, ஸ்னேர்தான் முதலில் சாகும். ஸ்பாட்டிஃபை சாதாரணமாக -14 லஃப்ஸுக்கு (சத்தத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க அதிகம்) ஒலியைச் சமன் செய்துவிடும். நீங்கள் -6 வரை அமுக்கினாலும் அது இறக்கித்தான் போடும், செத்த ஸ்னேர் மட்டும் மிஞ்சும். நான் -9 பக்கம் நிறுத்திக்கொள்வேன்.

முடித்தபின் போன் ஸ்பீக்கரில், சத்தம் மிகக் குறைவாக வைத்துக் கேளுங்கள். கோரஸின் வார்த்தை புரிய வேண்டும், ரிஃப் எது என்றும் தெரிய வேண்டும். பேண்டுக்கு அனுப்பும்போது க்ளீன் குரல் 1 டெசிபல் கூடுதலாக உள்ள இன்னொரு மிக்ஸையும் சேர்த்தே அனுப்புங்கள், ஏனென்றால் பாடகர் எப்படியும் அதைத்தான் கேட்பார்.