சீட்டைக் குறை சொல்லாதீர்கள்: டாரோ படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படச் சீட்டுகளை விரித்துப் பலன் சொல்லும் டாரோவைக் கற்க விரும்புகிறவர்கள் முதலில் சீட்டுக்கட்டு வாங்குகிறார்கள். அடுத்து ஒரு நோட்டு வாங்குகிறார்கள். பெரிய சீட்டுகள் எனப்படுபவை 22. கோல், கோப்பை, வாள், காசு என்ற நான்கு வகையில் வகைக்குப் 14 வீதம் சிறிய சீட்டுகள் 56. ஆக, 78 சீட்டுக்கும் பொருள் எழுதிப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிப்பதுபோல உருப்போடுகிறார்கள். தேவையில்லாத உழைப்பு. இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909-இல் லண்டனில் வெளிவந்த கட்டின் வழிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தார். அதற்கு முன்பு வழக்கத்தில் இருந்த கட்டுகள் பலவற்றில் சிறிய சீட்டு என்றால் ஐந்து காசு, ஆறு வாள் என்று வெறும் அடையாளங்களே இருக்கும். ஸ்மித் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை வரைந்தார். அந்தக் காட்சியைப் பார்க்காமல் நோட்டைப் புரட்டுவது என்ன படிப்பு? கிளி ஜோசியர்கூடப் படத்தை நம் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்.

ஐந்து காசுச் சீட்டை எடுத்துக்கொள்வோம். பனி கொட்டுகிறது. கந்தல் உடுத்திய இருவர் நடக்கிறார்கள். ஒருவர் கையில் ஊன்றுகோல், கழுத்தில் மணி. பின்னால் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலில் வெளிச்சம். பாடநூல் ‘வறுமை, இழப்பு’ என்று முடித்துவிடும். ஓசூரில் வேலை போன இளைஞர் ஒருவர் முன் இதை வைத்தேன். கிருஷ்ணகிரிக்காரருக்குப் பனிப்பொழிவு என்ன தெரியும்! அவர் பனியைக் கவனிக்கவே இல்லை. “ஜன்னல் இருக்கிறது, வாசலைக் காணோமே” என்றார். உண்மைதான், அந்தப் படத்தில் வாசல் கிடையாது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்தான் பேசினார்: யாரிடம் உதவி கேட்கலாம், ஏன் கேட்கவில்லை என்று. என் நோட்டில் அந்த வாசல் இல்லவே இல்லை.

வரலாற்றிலும் ஒரு பிழை ஓயாமல் சுற்றிவருகிறது. டாரோ பண்டைய எகிப்திய ஞானம் என்பார்கள். அது 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டு விளையாட்டு. எகிப்துக் கதையைப் பரப்பியவர் பிரான்சின் கூர் தெ ஜெபலன், ஆண்டு 1781. எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியன் படித்துக் காட்டியதே 1822-இல்தான்.

அடுத்தது, “மறுபடி அதே சீட்டு வந்துவிட்டது” என்ற பதற்றம். இதில் பாதிக் காரணம் கலைப்பு. சீட்டை இரண்டு தடவை மாற்றிப் போட்டுவிட்டுப் பரப்பினால், முந்தைய வரிசை அப்படியே கொத்துக் கொத்தாகத் திரும்பி வரும். 52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று விழும்படி ஏறத்தாழ ஏழு முறை கலைத்தால்தான் நன்றாகக் கலையும் என்று பேயர், டயக்கோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992-இல் காட்டினார்கள். டாரோ கட்டு அதைவிடத் தடிமன். துணி விரித்து, எல்லாச் சீட்டையும் கவிழ்த்துப் போட்டு, இரு கையாலும் நன்றாகத் துழாவுவது எளிது. மீதிக் காரணம் கணக்கு. ஒழுங்காகக் கலைத்து, பத்துச் சீட்டுப் பரப்பு ஒன்றைப் போட்டு, மறுநாள் இன்னொன்று போட்டாலும், இரண்டிலும் பொதுவாக ஒரு சீட்டாவது இருக்க முக்கால் பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. அதில் தெய்வ சங்கேதம் தேட வேண்டாம். பிடிக்காத சீட்டு வந்ததென்று அதே கேள்விக்கு மூன்றாம் முறை சீட்டு எடுக்கிறவர் வழிகாட்டலா தேடுகிறார்? சம்மதம் தேடுகிறார்.

ஆனால் எங்கள் தருமபுரி வட்டாரத்தில் பெரிய தவறு நடப்பது கேள்வியில்தான். பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் விவசாயி ஒருவர், போர் எங்கே போட்டால் தண்ணீர் வரும் என்று கேட்டு வந்தார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரிடம் ஏற்கெனவே போய் வந்திருந்தார். இந்தக் கேள்வியைச் சீட்டிடம் கேட்கவே கூடாது. பாறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர் வேலை. கேள்வியை மாற்றினோம்: இன்னொரு போருக்குக் கடன் வாங்கினால் வீடு தாங்குமா? வந்தது ஏழு காசு. ஒரு விவசாயி மண்வெட்டிக் காம்பில் சாய்ந்தபடி, செடியில் காய்த்த காசுகளைப் பார்த்து நிற்கிறான். ஆறு செடியில், ஒன்று காலடியில். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, வீட்டம்மாவிடம் கடன் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை என்றார். பலன் சொல்ல நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

வாய் திறக்கும்போது வரும் சறுக்கல் வேறு. “வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர் நீங்கள்.” இது யாருக்குத்தான் பொருந்தாது? 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணச் சித்திரத்தை, தனித்தனியாக எழுதியதாகச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். நீங்கள் சொன்ன வாக்கியம் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் பொருந்துமானால் அதை விழுங்கிவிடுங்கள்.

மரணச் சீட்டைப் பார்த்து முகம் மாறுவதும் தவறு. அதில் கருங்கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. அரசன் விழுந்து கிடக்கிறான். ஒரு குழந்தை மட்டும் பயமில்லாமல் நிமிர்ந்து பார்க்கிறது. தொலைவில் இரு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். ஏதோ ஒன்று முடிகிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. சாவு தேதி, நோய், மருந்து பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு, விளையாட்டாகக்கூடப் பதில் கூடாது. பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் கெட்ட மாவட்டம் தருமபுரி. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கும் வர வேண்டியிருந்தது. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு நான் சீட்டே விரிப்பதில்லை. மாமியார் உடன் வந்திருந்தால் இன்னும் கறாராகவே சொல்லி அனுப்புகிறேன்.

பரிகாரம் விற்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. தேய்பிறை அஷ்டமியில் அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்கு ஏற்றுவது ஒருவரின் பக்தி. அதில் நமக்கு வேலையில்லை. டாரோவில் தோஷமும் கிடையாது, கழிப்பும் கிடையாது. கோபுரம் இடிகிற சீட்டைக் காட்டிப் பயமுறுத்தி, கல் மோதிரத்துக்கும் சிறப்புப் பூஜைக்கும் தனிப் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உட்காரும் முன்பே கட்டணம் இவ்வளவு, நேரம் இவ்வளவு, எவற்றுக்குப் பதில் சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது படிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நல்லது.