அமைச்சரின் பதிலை வாசிக்கப் பழகுங்கள்: அயர்லாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அயர்லாந்துக்கு வந்த முதல் சில வாரங்கள் வரிக்கும் அரசு சேவைகளுக்கும் வேண்டிய பி.பி.எஸ். எண், வங்கிக் கணக்கு, குடியிருக்க ஒரு வீடு, வசிப்பு அனுமதிக்கான ஐ.ஆர்.பி. அட்டை என்று அலைவதிலேயே கழிந்துவிடும். நாடாளுமன்றத்தைப் பற்றி அந்த நேரத்தில் எவரும் சொல்வதில்லை. சொன்னாலும் காதில் ஏறாது. ஆனால் மனைவியின் விசாவோ உங்கள் குடியுரிமை விண்ணப்பமோ மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் ஒரு நாளில், உடன் வேலை செய்யும் ஐரிஷ்காரர் ஒருவர், "உங்கள் டி.டி.யைப் போய்ப் பாருங்கள், பி.கியூ. போடச் சொல்லுங்கள்" என்பார். அந்த இரண்டு சுருக்கெழுத்துகளும் என்ன, அவற்றால் உங்களுக்கு ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் சொற்கள். இங்கே நாடாளுமன்றத்தின் கீழவையை 'டோல்' என்றும், மேலவையை 'ஷானட்' என்றும், பிரதமரை 'டீஷக்' என்றும், துணைப் பிரதமரை 'டோனிஷ்டா' என்றும் சொல்கிறார்கள். எழுத்தைப் பார்த்து இந்த உச்சரிப்பை ஊகிக்க முயன்று தோற்காத தமிழரை நான் பார்த்ததில்லை. கீழவை உறுப்பினர்தான் டி.டி.; அவர் அமைச்சரிடம் கேட்கும் நாடாளுமன்றக் கேள்விதான் பி.கியூ. அவையில் டி.டி.யை 'டெபுடி' என்று விளிப்பதைக் கேட்டுத் துணை அமைச்சர் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லா உறுப்பினர்களுக்கும் அதே விளிதான். 2024 நவம்பர் 29 அன்று நடந்த பொதுத் தேர்தலில் 43 தொகுதிகளிலிருந்து 174 பேர் டோலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். டப்ளினில் கில்டேர் தெருவில் உள்ள லெயின்ஸ்டர் மாளிகையில் அவை கூடுகிறது.

1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அரசாங்கம் டோலுக்குப் பொறுப்புக்கூற வேண்டும். கேள்வி கேட்கும் உரிமையின் வேர் அங்கேதான் இருக்கிறது. தொலைக்காட்சியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் செவ்வாய், புதன், வியாழக்கிழமைகளில் நடக்கும் தலைவர்களின் கேள்வி நேரத்தை. எதிர்க்கட்சித் தலைவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் கேட்பார்கள். முதல் இரண்டு நாட்களில் டீஷக் எழுந்து பதில் சொல்வார், வியாழனன்று வழக்கமாக டோனிஷ்டா. இப்போதைய டீஷக் மீஹோல் மார்ட்டின், எதிர்க்கட்சித் தலைவர் ஷின் ஃபெய்ன் கட்சியின் மேரி லூ மெக்டோனல்ட். சூடு பறக்கும் காட்சிதான், ஆனால் அங்கே ஒருவரை 'பொய்யர்' என்று சொல்ல முடியாது. சபாநாயகர் திரும்பப் பெறச் சொல்லுவார். 2009 டிசம்பரில் பால் கோகார்ட்டி என்ற உறுப்பினர் அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லை உரக்கச் சொல்லி உடனே மன்னிப்பும் கேட்டார். பிறகு தேடிப் பார்த்தபோது, விலக்க வேண்டிய சொற்களின் பட்டியலில் அந்தச் சொல் இல்லவே இல்லை என்று தெரியவந்தது.

யார் எதிர்க்கட்சி என்பதே இங்கே சில வேளை சண்டைக்குரிய கேள்வியாகிவிடும். தேர்தலுக்குப் பின் ஃபியனா ஃபாய்ல், ஃபினா கேல் என்ற இரு பெரிய கட்சிகளும் சில சுயேச்சைகளின் துணையோடு அரசு அமைத்தன. அரசை ஆதரித்துக்கொண்டே எதிர்க்கட்சிக்குரிய நேரத்தில் பேச அந்தச் சுயேச்சைகளில் சிலர் உரிமை கோரியதால், 2025 ஜனவரி 22 அன்று அவை கூச்சலில் கலைந்து, டீஷக்கைத் தேர்ந்தெடுப்பதே மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அரசைக் கேள்வி கேட்கும் சில நிமிடங்களுக்காக எதிர்க்கட்சிகள் அவ்வளவு தூரம் போனதிலிருந்து, அந்த நிமிடங்களுக்கு இங்கே உள்ள மதிப்பை நீங்கள் ஊகிக்கலாம்.

தலைவர்களின் நேரத்துக்கு அப்பால், ஒவ்வொரு துறை அமைச்சரும் முறைவைத்து அவைக்கு வந்து வாய்மொழிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சிக் குழுக்கள் முன்வைக்கும் முன்னுரிமைக் கேள்விகள் முதலில் வரும். மற்றவற்றின் வரிசையைக் குலுக்கல் தீர்மானிக்கும். அமைச்சர் தயாரித்து வந்த பதிலை வாசித்த பின் கேட்டவர் துணைக் கேள்வி கேட்கலாம். இந்திய மக்களவையின் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு இணையானது எழுத்துப்பூர்வக் கேள்வி. உங்கள் ஐரிஷ் நண்பர் சொன்ன பி.கியூ. பெரும்பாலும் அதுதான். சில நாட்களுக்குள் அமைச்சரின் பெயரில் பதில் வந்துவிடும், நாடாளுமன்ற இணையதளத்தில் எவரும் வாசிக்கும்படி வெளியாகவும் செய்யும். இரைச்சல் எல்லாம் முதல் வகையில் இருந்தாலும், பயன் இந்தக் கடைசி வகையில்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

பதிலை வாசிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். 2024 தேர்தலுக்கு முன், அந்த ஆண்டில் கட்டி முடிக்கப்படும் வீடுகள் 40,000-ஐ நெருங்கும் என்று அரசுத் தரப்பினர் சொல்லிவந்தார்கள். 2025 ஜனவரியில் மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் வெளியிட்ட எண் 30,330. மக்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்று எதிர்க்கட்சிகள் அவையில் சாடின. வாடகை வீடு தேடித் தவிக்கும் புதியவருக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் உண்டு: ஒரு பதிலில் 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று வருவதையும் 'முடிக்கப்பட்டது' என்று வருவதையும் தனித்தனியே அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் விசா தொடர்பான பதிலுக்கும் இது பொருந்தும். 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கும் 'அதிகாரி ஒருவரிடம் முடிவுக்காக உள்ளது' என்பதற்கும் இடையே பல மாதங்கள் இருக்கலாம்.

கேட்காததற்கு அமைச்சர் பதில் சொல்லமாட்டார்; கேட்டதற்கும் தேவையான அளவே சொல்வார். இதற்கு இந்த நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. மாட்டிறைச்சித் தொழிலில் நடந்த முறைகேடுகளையும், அத்தொழிலுக்கு அரசு காட்டிய சலுகைகளையும் ஆராய 1991-இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையத்தின் தலைவர் நீதிபதி லியம் ஹாமில்ட்டன், டோலில் கேட்ட கேள்விகளுக்கு ஆணையத்தின் முன் சொல்வதுபோல் அங்கேயே பதில் சொல்லியிருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது, நேரமும் பணமும் மிச்சமாகியிருக்கும் என்ற பொருளில் சொன்னார். ஆகவே டி.டி.யிடம் உங்கள் கேள்வியைக் கொடுக்கும்போது அது தப்பிக்க இடமில்லாதபடி இருக்கட்டும். 'ஏன் தாமதம்' என்று கேட்டால் விண்ணப்பங்கள் பெருகிவிட்டன என்ற பொதுப் பதில் வரும். இன்ன தேதியில் கொடுத்த விண்ணப்பம் இன்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இன்னும் எந்த ஆவணம் தேவை என்று கேட்டால் அதற்கேற்ற பதிலைத் தந்தாக வேண்டும்.

உங்கள் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. தனிநபர் விவகாரத்தில், வெளியாகும் கேள்வியில் 'விவரங்கள் தரப்பட்டுள்ளன' என்ற தொடர் மட்டும் இருக்கும். பெயரும் விண்ணப்ப எண்ணும் துறைக்குத் தனியே போகும். இருந்தாலும் குடிவரவு விவகாரத்தில் பி.கியூ.தான் முதல் வழி என்று நினைக்காதீர்கள். உறுப்பினர்களின் அலுவலகங்கள் தனிநபர் விண்ணப்பங்களைப் பற்றி நேரடியாக விசாரிப்பதற்கென்றே நீதித்துறை அமைச்சகம் ஒரு மின்னஞ்சல் வசதி வைத்திருக்கிறது. அமைச்சரின் பதில்களின் இறுதியிலேயே அதைப் பயன்படுத்தும்படி ஒரு பத்தி வழக்கமாக இடம்பெறும். அனுபவமுள்ள டி.டி. அலுவலகம் முதலில் அந்த வழியில்தான் போகும். அப்போது 'கேள்வி போட மறுக்கிறார்' என்று கோபித்துக்கொள்வது நியாயமில்லை.

எந்தத் துறை என்பதும் முக்கியம். விசா, ஐ.ஆர்.பி., குடியுரிமை ஆகியவை நீதித்துறை அமைச்சரிடம். வேலை அனுமதிப் பத்திரம் தொழில் துறை அமைச்சரிடம். மருத்துவமனையில் காத்திருப்புப் பட்டியல் பற்றிக் கேட்டால் சுகாதார அமைச்சர் கேள்வியைப் பொதுச் சுகாதார சேவையை நடத்தும் எச்.எஸ்.ஈ.க்கு அனுப்பி, நேரடியாகப் பதில் தரச் சொல்வார். சமூக வீட்டு ஒதுக்கீடு உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு என்று வீட்டுவசதி அமைச்சர் விலகிக்கொள்வார். அதற்கு உங்கள் கவுன்சிலரைப் பார்ப்பதே சரி. குடியுரிமை வழங்குவது சட்டப்படி அமைச்சரின் முழு விருப்புரிமை. கேள்வி கேட்டதால் வரிசையில் முன்னே போக முடியாது. கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவே.

டி.டி.யைப் பார்க்க நீங்கள் வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. டோல் தேர்தலில் ஐரிஷ், பிரித்தானியக் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம். உள்ளாட்சித் தேர்தலிலோ எந்த நாட்டவரானாலும் இங்கே வசிக்கும் 18 வயது நிரம்பியவருக்கு வாக்கு உண்டு, ஆகவே வாக்காளர் பட்டியலில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள் இருப்பதால் தேர்ந்தெடுக்கவும் இடமிருக்கிறது: டப்ளினின் மேற்குப் புறநகரான லூகனில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் அடங்கும் டப்ளின் மிட்-வெஸ்ட்டுக்கு மட்டும் ஐந்து பேர். அவர்களில் அமைச்சராக இருப்பவர் கடிதம் எழுதலாமே தவிர, கேள்வி போட முடியாது. ஆகவே அமைச்சர் அல்லாத ஒருவரிடம், எதிர்க்கட்சியினரானால் இன்னும் நல்லது, செல்லுங்கள். ஐந்து பேரிடமும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஒரே பதில் ஐந்து முறை வரும். பலர் தொகுதியில் 'கிளினிக்' என்ற பெயரில் மக்களைச் சந்திப்பார்கள். மருத்துவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. விண்ணப்ப எண், தேதிகள், துறையிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவற்றோடு, உங்கள் சார்பில் விசாரிக்க ஒப்புதல் தரும் கையெழுத்தும் கேட்பார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது, 'டி.டி. மூலம் முடித்துத் தருகிறேன்' என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

போகும் முன், உங்கள் பிரச்சினை பற்றி ஏற்கெனவே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று நாடாளுமன்ற இணையதளத்தில் ஒரு மாலை தேடுங்கள், பெரும்பாலும் கேட்டிருப்பார்கள். அதே பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் விடுபட்டதை மட்டும் கேட்கச் சொல்லலாம். ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை அவைக்குக் கோடை விடுமுறை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்த மாதங்களில் கேள்விகள் வழக்கம்போல் ஓடாது, டி.டி. எழுதும் கடிதமும் அந்த மின்னஞ்சல் வசதியும்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.