தனி ஆளா ப்ரோகிராம் எடுக்குறவங்களுக்கு: கேம்கார்டர் எப்படிப் பாத்து வாங்குறது, வாங்குனப்புறம் எப்படி ஓட்டுறது

அரங்கேற்றம், கல்யாணம், ஸ்கூல் ஆண்டு விழா, கும்பாபிஷேகம்னு தனி ஆளா வீடியோ எடுக்குறவங்க இப்போ கேமரா வாங்கணும்னு விசாரிச்சா பாதிப் பேரு மிரர்லெஸ் (லென்ஸ் மாத்திக்கிற போட்டோ கேமரா) வாங்குங்கன்னுதான் சொல்லுவாங்க. பின்னாடி மங்கலா, ஆளு மட்டும் ஷார்ப்பா வர்ற அந்த லுக் அழகுதான், ஹைலைட்ஸுக்கும் ரீல்ஸுக்கும் அதுதான் சரி. ஆனா மூணு மணி நேரம் நடக்குற ஒரு விஷயத்த ஒத்த ஆளு விட்டுப்போகாம எடுக்கணும்னா கேம்கார்டர்தான் வேணும், இத நான் அடிச்சுச் சொல்லுவேன். தாலி கட்டுறத இன்னொரு தடவ கட்டச் சொல்ல முடியாது, வர்ணம் ஆடிட்டு இருக்குற பொண்ணுகிட்ட கார்டு மாத்திக்கிறேன் நில்லும்மான்னு சொல்ல முடியாது. அதனால நிக்காம ஓடுமான்னு முதல்ல பாருங்க, படம் எவ்ளோ அழகுங்குறது அப்புறம்.

பழைய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் பல மாடல்ல 29 நிமிஷம் 59 செகண்டுல ரெக்கார்டிங் தானா நின்னுடும், அதுக்குக் காரணம் டெக்னாலஜி இல்ல, ஐரோப்பாவுல 30 நிமிஷமோ அதுக்கு மேலயோ தொடர்ந்து எடுக்குற கேமராவ வீடியோ கேமரான்னு கணக்குப் பண்ணி இறக்குமதி வரி போட்டாங்க, அந்த வரிக்காகக் கம்பெனிங்க அப்படி நிறுத்தி வச்சாங்க. புது மாடல்ல அந்த லிமிட் பெரும்பாலும் போயிடுச்சு, ஆனா ஏசி இல்லாத மண்டபத்துல சித்திரை வெயில்ல 4கே ஓட்டுனா சூடாகி நிக்குற பிரச்சனை பல மாடல்ல இன்னும் இருக்கு. கேம்கார்டர அந்த வேலைக்குன்னே செஞ்சிருக்காங்க, பெரிய பேட்டரி, ரெண்டு கார்டு ஸ்லாட், விரல்ல அழுத்துனா மெதுவா போற பவர் ஜூம், எல்லாம் ஒரே உடம்புல இருக்கும்.

இப்போ வாங்குறப்போ எல்லாரும் சென்சார் (லென்ஸுக்குப் பின்னாடி படத்தப் புடிக்கிற சில்லு) சைஸ் என்னன்னுதான் கேக்குறாங்க, நான் முதல்ல கேக்குறது நீங்க எவ்ளோ தூரத்துல நின்னு எடுப்பீங்கன்னு. இதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு. தூரத்த மீட்டர்ல எடுத்து 36ஆல பெருக்கி, கேமராவோட 35 எம்எம் கணக்கு ஃபோக்கல் லெங்த்தால (எவ்ளோ கிட்ட இழுக்கும்னு காட்டுற எண், ஸ்பெக்ல 35 எம்எம் ஈக்விவலன்ட்னு இருக்கும்) வகுத்தா, ஃபிரேம்ல எவ்ளோ அகலம் தெரியும்னு மீட்டர்ல தோராயமா வந்துடும். சோனி பிஎக்ஸ்டபிள்யூ-இசட்90ல 12 மடங்கு ஜூம், 29ல இருந்து 348 எம்எம் வரைக்கும். சபாவுல கடைசி வரிசைக்குப் பின்னாடி 20 மீட்டர்ல நின்னீங்கன்னா முழு ஜூம்ல ஃபிரேம் அகலம் 2 மீட்டர் சொச்சம் வரும், அதாவது ஆடுறவங்க இடுப்புக்கு மேல தெரிவாங்க. பதத்துல கண்ணும் புருவமும்தான் கதை சொல்லுது, அதுக்கு இது பத்தாது. பானாசோனிக் ஏஜி-சிஎக்ஸ்350ல 490 எம்எம் வரைக்கும் போகும், அதே இடத்துல சுமார் ஒன்றரை மீட்டர். எச்சி-எக்ஸ்2000ல 24 மடங்கு, 600 எம்எம், 1.2 மீட்டர் வரும், முகமும் அடவு பிடிக்கிற கையும் சேந்து நிக்கும். ஆனா அதுல சென்சார் சின்னது, வெளிச்சம் கம்மியா இருந்தா நாய்ஸ் (படத்துல புள்ளி புள்ளியா வர்றது) சீக்கிரம் வரும். இசட்90, சிஎக்ஸ்350 ரெண்டுலயும் 1 இன்ச் சென்சார், இருட்டுல கொஞ்சம் தெம்பா இருக்கும். உங்களுக்கு அதிகமா வர்ற ஆர்டர் சபாவா மண்டபமான்னு பாத்து முடிவு பண்ணுங்க, மண்டபம்னா மணவறைகிட்ட 6, 7 மீட்டர்லயே நிக்கலாம், 12 மடங்கு தாராளம். டிஜிட்டல் ஜூம் 2 மடங்கு இருக்குன்னு கடையில சொன்னா அத கணக்குலயே சேக்காதீங்க.

ஜூம் முடிவாச்சுன்னா அடுத்து உடம்புல மூணு விஷயம் கட்டாயம் பாருங்க. ஒண்ணு, எக்ஸ்எல்ஆர் சாக்கெட் (மூணு பின் இருக்குற பெரிய மைக் சாக்கெட்) ரெண்டு, மைக், லைன் (மிக்சர்ல இருந்து வர்ற பலமான சிக்னல்) மாத்துற சுவிட்சோட. ரெண்டு, உள்ளயே இருக்குற என்டி ஃபில்டர் (லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் மாதிரி). கும்பாபிஷேகம் காலை 9, 10 மணி வெயில்ல நடக்கும், என்டி இல்லன்னா ஐரிஸ் (வெளிச்சம் நுழையுற ஓட்டை, எஃப் எண் கூடுனா ஓட்டை சின்னது) எஃப்11 வரைக்கும் மூடும், சின்ன சென்சார்ல அவ்ளோ மூடுனா படம் தன்னால சாஃப்ட் ஆகும், கோபுரத்துல இருக்குற சிற்பமெல்லாம் மொழுக்குன்னு தெரியும். என்டி போட்டு எஃப்4, எஃப்5.6ல வச்சு எடுத்தா பளிச்சுன்னு இருக்கும். மூணு, ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல ஒரே ஃபைல் எழுதுற வசதி. இந்த மூணும் இருந்தா கொஞ்சம் பழைய மாடலா இருந்தாலும் தைரியமா வாங்கலாம். லைவ் பண்றவங்க எஸ்டிஐ (டிவிக்காரங்க பயன்படுத்துற வீடியோ கேபிள்) அவுட் இருக்கான்னும் பாக்கணும், சாதா எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டர் தாண்டுனா நம்ப முடியாது, யாராவது மிதிச்சா பின் கழண்டுரும், எஸ்டிஐ கேபிள் திருகிப் பூட்டுறது, எச்டி சிக்னல்னா 50 மீட்டருக்கு மேலயே நிம்மதியா ஓடும். சோனியில எச்எக்ஸ்ஆர்-என்எக்ஸ்80 கிட்டத்தட்ட இசட்90 மாதிரியேதான், ஆனா எஸ்டிஐயும் பின்னாடி சொல்ற 10 பிட் எச்டியும் கிடையாது, லைவும் அந்த 10 பிட்டும் வேணாம்னா அது போதும்.

செகண்ட் ஹேண்டு வாங்குறீங்கன்னா கடையில ரெண்டு நிமிஷம் பாத்துட்டு காசு குடுத்துடாதீங்க. உங்க கார்டு போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்க, லென்ஸ மூடி வச்சு கெயின (படத்த செயற்கையா வெளிச்சமாக்குறது) ஏத்திப் பாத்தா கெட்டுப்போன பிக்சல் வெள்ளப் புள்ளியா தெரியும், டார்ச் அடிச்சு லென்ஸுக்குள்ள நூல் நூலா பூஞ்சை இருக்கான்னு பாருங்க, ஜூம் ராக்கர மெதுவா அழுத்துனா மெதுவாவும் அமுக்குனா வேகமாவும் போகணும், திக்கித் திக்கிப் போனா வேணாம். மெனுல ரெக்கார்டிங் ஹவர் இருந்தா அதையும் பாருங்க. அமெரிக்கால இருந்து மாமா வாங்கிட்டு வர்றாருன்னா 50பி, 25பி (செகண்டுக்கு 50, 25 முழு ஃபிரேம்) அந்த மாடல்ல வருமான்னு முன்னாடியே உறுதி பண்ணுங்க, சில கேமரால மெனுல மாத்திக்கலாம், சிலதுல 60 மட்டும்தான். நம்ம ஊரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால 60ல எடுத்தா சில லைட்டுக்குக் கீழ ஃபிளிக்கர் அடிக்கும், ஷட்டர (ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்குற நேரம்) மாத்தி சமாளிக்கலாம்னாலும் கூட எடுக்குற இன்னொருத்தர் ஃபுட்டேஜோட சேராது. முடிஞ்சா வாங்குறதுக்கு முன்னாடி அதே மாடல வாடகைக்கு எடுத்து ஒரு முழு நிகழ்ச்சி எடுத்துப் பாருங்க.

செட்டிங்ஸ்ல நான் வைக்கிறத சொல்றேன். நாட்டியத்துக்கும் ஸ்கூல் டான்ஸுக்கும் 50பி, ஷட்டர் 1/100, கல்யாணத்துக்கு 25பி, ஷட்டர் 1/50. இந்த ரெண்டு ஷட்டரும் 50 ஹெர்ட்ஸ் லைட்டோட ஒத்துப்போகும். பழைய பழக்கத்துல 50ஐல (ஒரு ஃபிரேம ரெண்டு பாதியா, கோடு விட்டுக் கோடு எழுதுற பழைய முறை) வச்சு எடுக்காதீங்க, இப்போ எல்லாரும் பாக்குறது மொபைலும் எல்இடி டிவியும்தான், வேகமா கை ஆட்டுற இடத்துல சீப்பு மாதிரி கோடு தெரியும். மேடைக்குப் பின்னாடி எல்இடி வால் வச்சிருந்தா கோடு கோடா ஓடும், கிளியர் ஸ்கேன், சிங்க்ரோ ஸ்கேன்னு மெனுல இருந்தா ஷட்டர துளித்துளியா நகத்தி அது நிக்குற இடத்துல விடுங்க. 4கேவா எச்டியான்னு நிறைய பேரு கேக்குறாங்க, மூணு மணி நேர ப்ரோகிராமுக்கு எச்டி போதும்ங்குறதுதான் என் அபிப்பிராயம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு எழுதுற மெகாபிட்) 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, 50 எம்பிபிஎஸ் எச்டி 22.5 ஜிபி. இசட்90ல பாத்தீங்கன்னா 4கே 8 பிட்தான், எச்டி 10 பிட் 4:2:2 (கலர் விவரம் கூடுதலா எழுதும்), பட்டுப்புடவை கலர எடிட்டிங்ல சரி பண்றதுக்கு எச்டிதான் வசதி. ஒத்த கேமராவுல எடுத்து எடிட்ல குளோசப் வெட்டிக்கணும்னா மட்டும் 4கே போங்க.

எக்ஸ்போஷர ஆட்டோல விடாதீங்க, குறிப்பா சபாவுல. பின்னாடி கறுப்புத் திரை, நடுவுல ஃபோக்கஸ் லைட்டுல ஒரு ஆளு, கேமரா மொத்தமும் இருட்டுன்னு நினைச்சு ஐரிஸ தொறக்கும், முகம் வெந்து வெள்ளையா போயிடும், மேக்கப் போட்ட முகம் இன்னும் சீக்கிரம் போகும். ஜீப்ராவ (வெளிச்சம் ஒரு அளவ எட்டுற இடத்துல கோடு காட்டுற வசதி) 70ல வச்சு நெத்தியில லேசா கோடு தொடுற வரைக்கும் ஐரிஸ் வச்சுட்டு அப்படியே விட்டுடுங்க. ஒரு உருப்படி முடிஞ்சு லைட் அணைச்சா ஆட்டோ கெயின் குடுகுடுன்னு ஏறி திரையில எறும்பு ஊரும், மேனுவல்ல இருட்டு இருட்டாவே இருக்கும், அதுதான் அழகு. 1 இன்ச் கேமரால 12 டிபி வரைக்கும் கெயின் ஏத்தலாம், அதுக்கு மேல போறதுக்குப் பதிலா லைட்காரர்கிட்ட ஒரு லைட்டு கூடக் கேளுங்க. ஒயிட் பேலன்ஸயும் (வெள்ளைய வெள்ளையாவே காட்டுற செட்டிங்) லைட் வந்ததும் வெள்ளப் பேப்பர் காட்டிப் பூட்டிடுங்க. ஃபோக்கஸுக்கு முகம் பாக்குற ஆட்டோ நல்லாவே வேலை செய்யுது, ஆனா ஹோமப் புகை கிளம்புனா தடுமாறும், அப்போ மேனுவலுக்கு மாத்தி பீக்கிங் (ஷார்ப்பா இருக்குற ஓரத்த கலர்ல காட்டுற வசதி) போட்டுக்கோங்க.

சத்தம்தான் இதுல பெரிய விஷயம், இதுக்குதான் அதிகம் மெனக்கெடணும். படம் கொஞ்சம் சுமாரா இருந்தாலும் வீட்டுல உக்காந்து பாப்பாங்க, பாட்டு கரகரன்னு இருந்தா அஞ்சு நிமிஷத்துல நிறுத்திடுவாங்க. நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போயி மைக்செட் அண்ணன்கிட்ட பேசுங்க, மிக்சர்ல ஆக்ஸ் அவுட்டோ (தனி வால்யூமோட வெளிய எடுக்குற லைன்) ரெக் அவுட்டோ (ரெக்கார்டிங்குக்குன்னு இருக்குற லைன்) குடுங்கண்ணேன்னு கேளுங்க. ஆக்ஸ் கிடைச்சா நல்லது, ஹாலுக்குப் போற வால்யூம அவரு ஏத்தி இறக்குனாலும் உங்களுக்கு வர்றது மாறாம தனியா வச்சுக்கலாம். ஒவ்வொருத்தர் மிக்சர்லயும் ஒவ்வொரு பின் இருக்கும், அதனால எக்ஸ்எல்ஆர், பி38 (கால் இன்ச் ஜாக்), ஆர்சிஏ (டிவிடி பிளேயர்ல வர்ற பின்) மூணுக்கும் கேபிளும் கன்வர்ட்டரும் பையில இருக்கணும், 20 மீட்டர் நீளக் கேபிள் ஒண்ணும் வேணும். கேமராவுல அந்த சேனல லைன்ல வைங்க, மைக்ல வச்சா உடையும், 48 வோல்ட் பேண்டம் (மைக்குக்குக் கேமரா அனுப்புற கரண்டு) ஆஃப்ல இருக்கான்னு ரெண்டு தடவ பாருங்க. ஆம்ப்ளியோட ஸ்பீக்கர் அவுட்ட மட்டும் எந்தக் காரணத்துக்கும் கேமராவுல சொருகாதீங்க, இன்புட் போயிடும். கொர்ருன்னு ஹம் வந்தா நடுவுல ஒரு டிஐ பாக்ஸ் (எர்த் இணைப்பப் பிரிச்சு ஹம்ம நிறுத்துற சின்னப் பெட்டி) போடுங்க.

முதல் சேனல் மிக்சர், ரெண்டாவது சேனல் கேமரா மேல இருக்குற ஷாட்கன் மைக் (நேர முன்னாடி வர்ற சத்தத்த எடுக்குற நீள மைக்), இத மாத்தவே மாத்தாதீங்க. மிக்சர்ல சலங்கைச் சத்தமும் கைத்தட்டலும் சரியா வராது, அது ரெண்டாவதுல இருக்கும், மிக்சர் லைன் புடுங்கிட்டாலும் நிகழ்ச்சி கையில இருக்கும். கல்யாணத்துல கெட்டி மேளம்தான் சோதனை. ஐயர் மந்திரம் சொல்ற சத்தத்துக்கு லெவல் வச்சிருப்பீங்க, திடீர்னு நாதஸ்வரமும் தவிலும் மொத்தமா எழும், ஆட்டோ லெவல்ல இருந்தா அது படக்குன்னு சத்தத்த அமுக்கும், மேளம் அடங்குன பிறகு கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்காது, அந்த நேரத்துலதான் பொண்ணோட அம்மா ஏதாவது சொல்லுவாங்க. அதனால மேனுவல்ல, லெவல் மீட்டர்ல மந்திரம் மைனஸ் 20 டிபி கிட்ட, மேளம் மைனஸ் 6 தாண்டாம வைங்க, லிமிட்டர (உச்ச சத்தத்த மட்டும் உடையாம அடக்குறது) ஆன் பண்ணிக்கோங்க. மாப்பிள்ளை அழைப்பு நடக்குறப்போவே மேளக்காரங்க முழு வேகத்துல வாசிப்பாங்க, அப்போவே ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டு லெவல் பாத்துடலாம்.

அதே கெட்டி மேள நேரத்துல சொந்தக்காரங்க அட்சதை போட எழுந்திருப்பாங்க, போட்டோகிராஃபர் முன்னாடி குனிவாரு, உங்க ஃபிரேம்ல முதுகுதான் இருக்கும். போட்டோ எடுக்குறவர்கிட்ட முன்னாடியே நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்னு பேசிடுங்க. டிரைபாட தலைக்கு மேல உயர்த்தி, எல்சிடிய கீழ பாத்த மாதிரி திருப்பி வச்சுக்கோங்க, கை தூக்குனா மறைக்கத்தான் செய்யும், ஆனா தாலி முடிச்சு போடுற கை தெரியும். தாலி கட்டுறப்போ ஜூம தொடாதீங்க. மத்த நேரத்துலயும் ஒரு ஷாட்ட பத்து செகண்டாவது அசையாம புடிங்க, ஜூம் போறதுன்னா ஆரம்பிச்சு முடிக்கணும், பாதியில யோசிச்சு திரும்பக் கூடாது. ஃப்ளூயிட் ஹெட் (எண்ணெய் மாதிரி வழுக்கித் திரும்புற டிரைபாட் தலை) இல்லாத போட்டோ டிரைபாடுல 350 எம்எம்ல பேன் பண்ணா (பக்கவாட்டுல திருப்புனா) நடுங்கும், கேமரா பட்ஜெட்ல இருந்து கொஞ்சம் குறைச்சாவது நல்ல ஹெட்டு வாங்குங்க.

மண்டபத்துல கரண்டு போயி ஜெனரேட்டர் மாறுற சில செகண்டுல அடாப்டர்ல மட்டும் ஓடுற கேமரா செத்துடும், எழுதிட்டு இருந்த ஃபைலும் கெட்டுப்போகலாம். பேட்டரி மாட்டியிருக்குறப்போவே அடாப்டரும் சொருகுற மாதிரி கேமராவா இருந்தா ரெண்டையும் சேத்தே வைங்க, வீட்டுல ஒரு தடவ பிளக்கப் புடுங்கி ரெக்கார்டிங் தொடருதான்னு பாத்துக்கோங்க. கார்டு வி30 எழுதுனதா இருக்கட்டும், நொடிக்கு 30 எம்பி குறையாம எழுதும், நாம சொன்ன 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நொடிக்கு 12.5 எம்பிதான் வேணும். கார்ட கம்ப்யூட்டர்ல ஃபார்மேட் பண்ணாம கேமராவுலயே பண்ணுங்க. காப்பி பண்றப்போ வீடியோ ஃபைல மட்டும் இழுக்காம கார்டுல இருக்குற ஃபோல்டர் மொத்தத்தையும் அப்படியே எடுங்க, நீளமான ரெக்கார்டிங்க பல மாடல் துண்டு துண்டாத்தான் எழுதும், தனித்தனியா எடுத்து ஒட்டுனா சேர்ற இடத்துல சில ஃபிரேம் சத்தம் விட்டுப்போகும். ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி, ரெண்டுலயும் முதல் ஃபைல், நடு ஃபைல், கடைசி ஃபைல் தொறந்து பாத்துட்டு ஒரு கார்ட மட்டும் அடுத்த வேலைக்கு எடுங்க, இன்னொண்ண பென்டிரைவ் குடுத்து அவங்க முழுசா பாத்தாச்சுன்னு சொல்ற வரைக்கும் பேரும் தேதியும் எழுதி எடுத்து வைங்க.