ஒரு கால்பந்து வீரரை எப்படி எடைபோடுவது? புதிய ரசிகர்களுக்கான செய்முறை விளக்கம்

மதுரையில் நான்கு பேர் சேர்ந்து சென்னையின் எஃப்சி என்ற கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்த்தால், இடைவேளைக்கு முன்பே ஒரு வீரரை அணியிலிருந்து தூக்க வேண்டும் என்று ஒருவரும், அவரைவிட்டால் ஆளே இல்லை என்று இன்னொருவரும் சொல்லிவிடுகிறார்கள். இருவரும் பார்த்தது ஒரே ஆட்டத்தைத்தான். விவாதம் இருப்பது நல்லது; அது இல்லாத ஊரில் எந்த அணியும் வேர்பிடிக்காது. ஆனால் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நாம் கால்பந்தையும் அதே கண்ணால் பார்ப்பதால், விவாதம் பெரும்பாலும் கோல் அடித்தாரா இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அது யாரோ ஒருவரின் பெயரில் எழுதப்பட்டுவிடும். கால்பந்திலோ, 90 நிமிடம் ஓடும் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது ஏறத்தாழ இரண்டு, மூன்று நிமிடங்கள்தான். மீதி நேரம் முழுவதும் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால்தான் அவரது திறமையைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் பொறுப்போடு பேச முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தேவையானவை ஒரு நோட்டு, ஒரு பேனா, கொஞ்சம் பொறுமை.

முதல் படி: ஒரே ஒரு வீரரைத் தேர்ந்தெடுங்கள், அவருடைய வேலை என்ன என்று எழுதுங்கள்

22 பேரையும் ஒரே நேரத்தில் எடைபோட முடியாது. ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் போதும். அவரது பெயருக்குக் கீழே அவர் எந்த இடத்தில் ஆடுகிறார், அந்த இடத்தில் பயிற்சியாளர் அவரிடம் எதை எதிர்பார்க்கிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இடது பேக், எதிரணி விங்கரை உள்ளே வரவிடக் கூடாது, பந்து நம்மிடம் இருக்கும்போது கோட்டை ஒட்டி மேலே ஏற வேண்டும்" என்பதுபோல இருந்தால் போதும். (பேக் என்றால் தடுப்பாட்டக்காரர்; விங்கர் என்றால் பக்கக்கோட்டை ஒட்டி ஆடும் தாக்குதல் வீரர்.) இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் தொடங்கும் விவாதத்தில் இருவரும் வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் சென்னையின் எஃப்சி பெங்களூருவை 3-2 என வென்று இரண்டாவது முறையாக ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கியபோது, அந்த மூன்று கோல்களில் இரண்டைத் தலையால் முட்டி அடித்தவர் மெய்ல்சன் ஆல்வெஸ் என்ற சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். அடுத்த ஆண்டு கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி என்ற வேறோர் அணி, கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் பட்டத்தைக் கைப்பற்றியது. அன்றும் இரண்டு கோல் அடித்தவர் கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர்தான். தமிழ்நாட்டு அணிகளின் இரண்டு பெரிய வெற்றிகளிலும் தடுப்பாட்டக்காரர்களே கோல் அடித்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் ஆல்வெஸ் நல்ல சென்டர் பேக்கா என்ற கேள்விக்கு அந்த இரண்டு கோல்களும் விடையல்ல. விடை, அந்தப் பருவம் முழுவதும் அவர் தன் பெட்டிக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதிக்குள்) வந்த பந்துகளை என்ன செய்தார் என்பதில் இருக்கிறது.

இரண்டாம் படி: பந்து இல்லாதபோது பாருங்கள்

இந்தச் செய்முறையின் உயிர் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தொலைக்காட்சி கேமரா பந்தையே துரத்தும். நீங்கள் தேர்ந்தெடுத்த வீரர் திரையில் பாதி நேரம் இருக்க மாட்டார். ஆகவே பயிற்சியைத் திரையில் தொடங்காமல் மைதானத்தில் தொடங்குவது நல்லது. மதுரையில் அரசரடி ரயில்வே மைதானத்திலோ, ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கிலோ, ஏதாவதொரு கல்லூரி மைதானத்திலோ மாலையில் உள்ளூர் ஆட்டம் நடக்கும்போது போய், கோலுக்குப் பின்னால் நில்லாமல் நடுக்கோட்டுக்கு அருகில் நின்று, ஒரு நடுக்கள வீரரை மட்டும் 15 நிமிடம் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண்ணை அவரை விட்டு எடுக்காதீர்கள். தொடக்கத்தில் இது மிகவும் கடினம்; ஆரவாரம் எழும்போதெல்லாம் தலை தானாகத் திரும்பும்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது அவரது கழுத்தை. நல்ல நடுக்கள வீரர், பந்து தன்னை நோக்கிப் புறப்படுவதற்கு முன்பே இடது தோளுக்குப் பின்னால் ஒரு முறையும் வலது தோளுக்குப் பின்னால் ஒரு முறையும் பார்த்துவிடுவார். பந்து வந்து சேரும்போது உடம்பைப் பாதி திருப்பி, பந்து வரும் பக்கத்துக் காலால் நிறுத்தாமல் தள்ளியிருக்கும் காலில் ஓடவிட்டு வாங்குவார். அந்த ஒரே அசைவில் அவர் எதிரணிக் கோலைப் பார்த்து நின்றுவிடுவார். பின்னால் பார்க்காதவரோ நேராக நின்று வாங்குவார், முதுகில் ஆள் இருப்பதை உரசிய பிறகே உணர்வார், வந்த வழியே பந்தைத் திருப்பிக் கொடுப்பார். இருவருடைய பாஸும் புள்ளிவிவரத்தில் "வெற்றிகரமான பாஸ்" என்றே பதிவாகும். ஆனால் முதலாமவரால் ஆட்டம் முன்னேறியது, இரண்டாமவரால் முன்னேறவில்லை.

அடுத்து, பந்தை இழந்த பின் வரும் முதல் ஐந்து வினாடிகள். கையை விரித்து நடுவரைப் பார்க்கிறாரா, உடனே திரும்பிப் பந்தைத் துரத்துகிறாரா, அல்லது துரத்துவதில் பயனில்லை என்று கணித்துத் தன் இடத்துக்கு ஓடிவருகிறாரா? கடைசி இரண்டுமே சரியானவையாக இருக்கலாம். எப்போது எது என்று அறிவதுதான் திறமை. தடுப்பாட்டக்காரராக இருந்தால் அவர் விங்கருக்கு முன்னால் நேராக நிற்கிறாரா, பக்கவாட்டில் சாய்ந்து நின்று அவரைக் கோட்டுப் பக்கம் ஒதுக்குகிறாரா என்று பாருங்கள். கோல் அடிப்பதையே முதல் வேலையாகக் கொண்ட ஸ்ட்ரைக்கராக இருந்தால், பந்து விங்கில் (பக்கக்கோட்டோரம்) இருக்கும்போது அவர் சென்டர் பேக்கின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு நகர்கிறாரா என்று பாருங்கள். அங்கிருந்து கோல் முன்னால் அடிக்கப்படும் கிராஸ் வராமலே போய்விட்டால் இந்த நகர்வு யாருக்கும் நினைவிருக்காது. உங்கள் நோட்டில் அது இருக்க வேண்டும்.

இப்படிச் சில மாலைகள் பார்த்த பிறகு திரைக்குத் திரும்பினால், கேமரா விரிந்து காட்டும் கோல் கிக், கார்னர், த்ரோ நேரங்களிலேயே உங்கள் வீரர் எங்கே நிற்கிறார் என்பது கண்ணில் படத் தொடங்கும்.

மூன்றாம் படி: குறித்துவையுங்கள்

பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: முன்னோக்கிக் கொடுத்தது, பக்கவாட்டிலோ பின்னாலோ கொடுத்தது, இழந்தது, மீட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. இழந்த பந்துக்கு மட்டும் எங்கே இழந்தார் என்பதையும் எழுதுங்கள்; தன் பெட்டிக்கு வெளியே இழப்பதும் எதிரணியின் பெட்டிக்கு அருகே ஒருவரைத் தாண்ட முயன்று இழப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்ய வேண்டியது விங்கரின் கடமை.

நான்காம் படி: எண்களை ஒழுங்காகப் படியுங்கள்

கண் மட்டும் போதாது; நமக்குப் பிடித்தவர் செய்த நல்லது மட்டுமே நினைவில் தங்கும். எண்கள் அதைத் திருத்தும். ஆனால் மொத்த கோலை ஒப்பிடாதீர்கள். 90 நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். உதாரணமாக, ஒருவர் 1,800 நிமிடம் ஆடி 6 கோல் அடித்தால் 90 நிமிடத்துக்கு 0.3, இன்னொருவர் 720 நிமிடம் மட்டுமே ஆடி 4 கோல் அடித்தால் 0.5. மொத்தத்தில் குறைவாக இருப்பவர் இங்கே முந்துகிறார். அதே வேளையில் 720 நிமிடம் என்பது எட்டு முழு ஆட்டங்களே என்பதால், அந்த 0.5 நிலைக்குமா என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பெனால்டி கோல்களைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

எக்ஸ்ஜி (xG, எதிர்பார்க்கப்படும் கோல்) என்று ஒரு எண்ணையும் கேள்விப்படுவீர்கள். ஒரு வாய்ப்பு கோலாக மாறுவதற்கான சாத்தியத்தை, அது எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா என்பதையெல்லாம் வைத்து 0 முதல் 1 வரை மதிப்பிடுவதே அது. பெனால்டிக்கு ஏறத்தாழ 0.75 முதல் 0.8 வரை இருக்கும். இதன் பயன் என்னவென்றால், வாய்ப்புகளை உருவாக்கிக்கொள்ளும் திறமையையும் அவற்றை முடிக்கும் திறமையையும் அது பிரித்துக் காட்டுகிறது.

இதற்கு நம் அணியிலேயே வலுவான சான்று இருக்கிறது. லாலியன்சுவாலா சாங்டே சென்னையின் எஃப்சியில் ஆடிய காலத்தில், கோலுக்கு முன்னால் போய்த் தவறவிடுகிறார் என்ற குறை அவர்மீது ஓயாமல் சொல்லப்பட்டது. 2022 தொடக்கத்தில் அவர் மும்பை சிட்டிக்குப் போனார். 2022-23 பருவத்தில் 10 கோல், 6 அசிஸ்ட் (பிறர் கோல் அடிக்கக் கொடுத்த கடைசி பாஸ்). லீக்கின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. திறமை மும்பையில் முளைத்ததல்ல. தவறவிடுவதற்கும்கூட முதலில் அந்த இடத்துக்கு ஓடிச் சேர வேண்டும். மீண்டும் மீண்டும் அங்கே சேர்கிற விங்கரிடம் கடினமான பாதி ஏற்கெனவே இருக்கிறது. "எவ்வளவு வாய்ப்பை வீணடிக்கிறான்" என்று ஒருவர் கோபப்பட்டால், "மற்றவர்களுக்கு அத்தனை வாய்ப்பு ஏன் வரவில்லை?" என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: சுற்றுப்புறத்தைக் கழித்துப் பாருங்கள்

சென்னையின் எஃப்சி ஸ்ட்ரைக்கர் ஜேஜே லால்பெக்லுவா 2017-18 பருவத்தில் 9 கோல் அடித்தார், 2018-19ல் ஒன்றுதான். ஜேஜே ஆடக் கற்றதை மறந்துவிட்டார் என்றே அன்று பலர் பேசினார்கள். ஆனால் அதே பருவத்தில் முந்தைய ஆண்டின் சாம்பியன் அணி முழுவதுமே சரிந்து பட்டியலின் கடைசி இடத்துக்குப் போனது. அணி உடையும்போது முதலில் பட்டினி கிடப்பவர் ஸ்ட்ரைக்கர்தான்.

இந்திய வீரர்களைப் பேசும்போது வெளிநாட்டவர் விதியையும் சேர்த்தே பேச வேண்டும். 2014ல் ஐஎஸ்எல் தொடங்கியபோது ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டவர் களத்தில் இருக்கலாம்; 2017-18ல் அது 5 ஆகி, 2021-22 முதல் 4 ஆனது. அந்த இடங்களில் ஒன்றைப் பெரும்பாலான அணிகள் ஸ்ட்ரைக்கருக்கே கொடுத்துவிடுகின்றன. அதனால் இளம் இந்திய முன்கள வீரர்கள் விங்குக்குத் தள்ளப்படுகிறார்கள் அல்லது கடைசி 15 நிமிடத்துக்குக் காத்திருக்கிறார்கள். சுனில் சேத்ரியே பெங்களூருவில் மிக்கு என்ற வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் நடுவில் ஆடிய காலத்தில் இடப்பக்கம் ஆடியவர்தான். விங்கில் ஆடும் பையனுக்கு கோல் குறைவு என்று சொல்வதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: எதிர்காலத்தைக் கணிப்பது

காரைக்குடிக்கு அருகே கண்டனூரிலிருந்து சென்ற சிவசக்தி நாராயணன் 2022-23 ஐஎஸ்எல் பருவத்தின் வளரும் வீரர் விருதைப் பெற்றபோது அவருக்கு 21 வயது. பருவத்தின் பின்பாதியில் பெங்களூரு அணியில் முன்கள வீரர் ராய் கிருஷ்ணாவோடு அவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடக்கத்திலிருந்தே ஆட, சேத்ரி பெஞ்சிலிருந்து வந்தார். நம் பக்கத்துப் பையன் ஒருவன் அந்த இடத்தில் ஆடுவதைக் கண்டது எங்களுக்கெல்லாம் பெருமை. 2023 மார்ச் 18 அன்று ஃபட்டோர்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களிலேயே அவர் காயத்தோடு வெளியேற, சேத்ரி உள்ளே வந்தார். ஓர் இளம் வீரரின் எதிர்காலத்தைப் பேசும்போது காயத்தையும் தனிக் கட்டமாக எழுதச் சொல்வது இதனால்தான்.

எழுத வேண்டிய மற்றவை: வயது, கடந்த இரண்டு பருவங்களில் ஆடிய நிமிடங்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா, அவருக்கு முன்னால் அதே இடத்தில் யார் இருக்கிறார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது. வேகத்தை நம்பி ஆடும் விங்கர்கள் இருபதுகளின் நடுவில் உச்சத்தைத் தொடுவதும், சென்டர் பேக்குகளும் கோல்கீப்பர்களும் முப்பதைத் தாண்டியும் தேறிக்கொண்டிருப்பதும் பொதுவான போக்கு. 27 வயது விங்கரையும் 27 வயது கோல்கீப்பரையும் ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள். இவற்றில் நிமிடங்களையே நான் அதிகம் நம்புகிறேன். தினமும் பயிற்சியில் பார்க்கும் ஒருவரின் தீர்ப்பு அதில் இருக்கிறது.

மதுரையின் சேது எஃப்சி பெண்கள் அணிக்கும் இதே முறை பொருந்தும். 2018-19 இந்தியப் பெண்கள் லீக் இறுதியில் மணிப்பூர் போலீஸை 3-1 என வென்ற அணி அது. பெண்கள் லீக்குக்கு விரிவான புள்ளிவிவரம் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அங்கே உங்கள் நோட்டின் மதிப்பு இன்னும் அதிகம். நம் ஊர் அணியைப் பற்றி எழுத நம்மைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ஏழாம் படி: இனி விவாதத்துக்கு வாருங்கள்

"அண்ணே, அவன் சரியில்லண்ணே" என்று தம்பி ஒருவர் தொடங்கினால் மறுத்துப் பேச அவசரப்படாதீர்கள். "எந்த வேலைக்குச் சரியில்லை தம்பி? இன்னைக்கா, இந்த அணிக்கா, எப்பவுமேவா?" என்று கேளுங்கள். இந்த மூன்றும் வெவ்வேறு கேள்விகள். இன்று மோசமாக ஆடினார் என்பதை ஒரே ஆட்டம் காட்டும். இந்த அணியின் ஆட்ட முறைக்குப் பொருந்தவில்லை என்று சொல்ல ஏழெட்டு ஆட்டங்களாவது வேண்டும். எப்போதுமே தேறமாட்டார் என்று சொல்ல இரண்டு பருவங்களும் இரண்டு பயிற்சியாளர்களும் வேண்டும். வீரரின் ஊரையோ நிறத்தையோ தோற்றத்தையோ வைத்துப் பேசுகிறவரிடம் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்; ஆட்டத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பேசி முடித்ததும் உங்கள் கணிப்பை நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்: "இந்த விங்கர் அடுத்த பருவத்தில் தொடக்க அணியில் இருப்பார், காரணம், பந்து இல்லாதபோது அவர் ஓடும் இடம், காயம் வந்தாலோ பயிற்சியாளர் மாறினாலோ இந்தக் கணிப்பு செல்லாது." எதிர்க் கருத்துச் சொன்ன நண்பரையும் அதே பக்கத்தில் அவருடைய கணிப்பை அவர் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பருவத்தின் பாதியில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்து திறந்து, யாருடைய காரணம் நின்றது என்று பார்த்து, அடுத்த வீரரின் பெயரை எழுதுங்கள்.