முதல்முறையாக ஜாதி நாய்க்குட்டி வாங்குகிறீர்களா? பிரீடரைத் தேர்ந்தெடுப்பது இப்படித்தான்

குட்டி வாங்கப் போகிற எல்லாரும் குட்டியைத்தான் பார்க்கிறார்கள். எட்டு வாரக் குட்டி எதுவானாலும் அழகாகத்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தாயைப் பாருங்கள், அப்புறம் அதை வளர்த்துக் குட்டி விற்கும் பிரீடரைப் பாருங்கள்.

படி 1: அந்த இனத்துக்கு வரும் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு. டாபர்மேனுக்கு இதயத் தசை நோய். டால்மேஷனுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுத் திணறல். நீங்கள் வாங்கும் இனத்துக்கு எது என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: போனிலேயே பாதியை வடிகட்டுங்கள்

விலையைக் கடைசியில் கேட்கலாம். தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈத்து, தாய் தகப்பன் இரண்டுக்கும் என்னென்ன பரிசோதனை செய்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். "டாக்டர் பார்த்துட்டார், எல்லாம் நல்லா இருக்கு" என்பது பரிசோதனை ஆகாது. இடுப்புக்கு எக்ஸ்ரே அறிக்கை வேண்டும். நாய்களின் மூட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஓஎஃப்ஏ போன்ற அமைப்பு, நாய்க்கு 2 வயது நிறைந்த பிறகே இடுப்புக்கு இறுதிச் சான்று தருகிறது. தாய்க்கே ஒன்றரை வயதுதான் என்றால் அந்தச் சான்று இருக்க வழியில்லை. டால்மேஷனாக இருந்தால் குட்டிகளுக்கே ஒவ்வொரு காதாகக் கேட்கும் திறனைச் சோதிக்க முடியும்.

மரபணுச் சோதனையில் ஒரு விஷயம் பலரைக் குழப்பும். லேப்ரடாரில் பார்வையை மெல்லப் பறிக்கும் ஒரு விழித்திரை நோய் உண்டு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குட்டிக்கு அது வரும். ஆகவே தாயிடம் அந்தப் பழுதான மரபணு ஒன்று இருக்கிறது என்று பிரீடர் தானாகச் சொன்னால் உடனே விலகிவிடாதீர்கள். தகப்பனுக்கு அந்தப் பழுது இல்லையென்று அறிக்கை இருந்தால், குட்டிகளில் எதுவும் அந்த நோயால் பார்வை இழக்காது. இதை உட்கார்ந்து விளக்கும் ஆளை, "எங்க நாய்ங்களுக்கு ஒரு நோயும் கிடையாது" என்பவரைவிட நான் அதிகம் நம்புவேன்.

படி 3: பேப்பரை அளவோடு நம்புங்கள்

கென்னல் கிளப் (ஜாதி நாய்களைப் பதிவு செய்யும் சங்கம்) தரும் சான்றிதழ் பரம்பரையைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. அவ்வளவுதான்.

படி 4: நேரில் போங்கள்

வீடியோ கால் போதாது. "நீங்க ஏன் அலையுறீங்க, பாதி வழியில வந்து தர்றேன்" என்கிறவரை அங்கேயே விட்டுவிடுங்கள். குட்டிகள் தாயோடு இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பால் கொடுத்த தாய் இளைத்து, முடி கொட்டியிருப்பது சகஜம். அதன் சுபாவத்தைக் கவனியுங்கள்: ஆட்களைக் கண்டு ஒடுங்குகிறதா, சீறுகிறதா, அருகே வருகிறதா? தகப்பன் அங்கே இல்லாதது குறையல்ல, நல்ல பிரீடர்கள் வெளியிலிருந்தும் இணை தேடுவார்கள்.

குட்டிகள் எங்கே வளர்கின்றன என்பதும் முக்கியம். 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைதான் மனிதரையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்கப் பழகும் பருவம். கொல்லைப்புறக் கூண்டிலேயே கிடந்த குட்டிக்கு அதில் பாதி வீணாகியிருக்கும்.

ஒரே இடத்தில் ஏழெட்டு இனம் விற்கிறார்களா? அது வியாபாரம். "அபூர்வ நிறம்" என்று கூடுதல் விலை சொல்கிறார்களா? மெர்ல் எனும் திட்டு நிறம் தாய் தகப்பன் இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் அந்த மரபணு இரட்டையாக வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறப்பவை செவிடாகவோ குருடாகவோ இருக்கும் அபாயம் அதிகம்.

படி 5: ஊசிக் கணக்கைப் பாருங்கள்

8 வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கக் கூடாது. குடற்புழு மருந்து 2 வாரத்திலும், முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்திலும் தொடங்கும். ஊசிகள் 16 வாரம் வரையாவது தொடரும். எட்டு வாரக் குட்டிக்கு "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்றால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

படி 6: அவர் உங்களைக் கேட்கட்டும்

பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா என்று நல்ல பிரீடர் துருவுவார். கோபப்படாதீர்கள். வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள் என்பார். அதை எழுதி வாங்குங்கள். குட்டியின் தோலுக்கடியில் மைக்ரோசிப் எனும் அடையாளச் சில்லு இருந்தால் 15 இலக்க எண்ணை ஸ்கேனரில் ஒப்பிடுங்கள். வாங்கிய ஓரிரு நாளில் உங்கள் மருத்துவரிடம் காட்டி, பெரிய குறை தெரிந்தால் பணம் திரும்ப வரும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். வாங்கும்போது நன்றாகத் தெரிந்தாலும், பார்வோ எனும் கொடிய வைரஸ் போன்ற தொற்று வெளியே தெரியவே சில நாள் பிடிக்கும்.

எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் அவரிடம் இப்போது குட்டி இல்லை என்றால் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள், அதன் பிறகு 8 வாரம். இன்றே இணை சேர்ந்தாலும் குட்டி கைக்கு வர நாலு மாதம் ஆகும்.