உங்கள் ஊர் நடுகல்லைப் பதிவு செய்வது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வேடியப்பன் என்று மக்கள் கும்பிடும் கற்களில் பல, நடுகற்களே. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கும் புலியோடு பொருது வீழ்ந்தவனுக்கும் ஊரார் நட்டவை. ஏரிக்கரையிலும் வரப்பிலும் கேட்பாரற்று நிற்கும் கல், சாலையை அகலப்படுத்தும் ஒரே நாளில் காணாமல் போய்விடும். அதற்குமுன் பதிவு செய்துவிடுங்கள். கைப்பேசி, அளவு நாடா, நோட்டு போதும்.

1. அனுமதி கேளுங்கள். பூசை நடக்கும் கல் என்றால் பூசாரியிடம்; வயலில் இருந்தால் நிலத்துக்காரரிடம்.

2. படம் எடுங்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது போங்கள். நிழலில் இருக்கும் கல்லென்றால், இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் விளிம்பை ஒட்டிப் பிடியுங்கள். வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தின் வளைவுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். வீரனின் தலைக்கு மேலும் இரு பக்கமும் தவறாமல் பாருங்கள். முழுக் கல்லுக்கு ஒரு படம், எழுத்துப் பகுதிக்குத் துண்டு துண்டாகப் பல படங்கள், சுற்றுப்புறத்துக்கு ஒன்று.

எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸால் வரையாதீர்கள். நீங்கள் தவறாக வரைந்த கோட்டையே பிறகு படிப்பவர் எழுத்தாக எடுத்துக்கொள்வார். கம்பித் தூரிகை, அமிலம், பெயின்ட் எதுவும் அருகில் வரவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அப்படியே விடுங்கள்.

3. அளந்து எழுதுங்கள். உயரம், அகலம், தடிமன், கல் பார்க்கும் திசை, கைப்பேசி வரைபடம் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை. வீரனின் கையில் என்ன இருக்கிறது, காலடியில் மாடா, நாயா, புலியா என்பதையும் குறியுங்கள்.

சிறிய உருவம் என்று எதையும் ஒதுக்க வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்திக்காக எடுத்தது. அவனருகே ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும் அது கள்வரைக் கடித்ததையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டு நாயின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அந்த ஊரார் அதை எழுதத் தகுந்ததாக நினைத்ததால்தான்!

4. பெரியவர்களிடம் பேசுங்கள். ஊரில் கல்லை என்ன பெயரால் அழைக்கிறார்கள், எந்தக் குடும்பம் பொங்கலிடுகிறது, கல் முன்பு வேறிடத்தில் இருந்ததா என்று கேளுங்கள். சொன்னவரின் சொற்களிலேயே எழுதுங்கள். கல்வெட்டோடு கதை பொருந்தாவிட்டாலும் திருத்த வேண்டாம். இரண்டும் தனித்தனிச் சான்றுகள்.

5. ஒப்படையுங்கள். பதிவின் ஒரு படியைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், மற்றொன்றை மாநிலத் தொல்லியல் துறைக்கோ மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள். ஈரத் தாளை ஒற்றி மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. அதை அவர்களுக்கு விடுங்கள். அவர்கள் வரும்வரை கல் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். இடம் மாறினால், வீரன் எந்த எல்லையில் விழுந்தான் என்பதைச் சொல்ல வேறு தடயம் கிடைப்பது அரிது.